லோவெல்லில் சாம்பார் கிடையாது

இராஜபாளையம்,
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

மாரிக்கனி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் ராஜஸ்தானிலிருந்து இந்த வாரம் பேசினாரா? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும் முன் எங்கள் ஹாஸ்டல் வார்டன் பரிபூரணம் அம்மா படித்துப் பார்ப்பார்கள். நீங்கள் எழுதுவதையும் பிரித்துப் படித்த பிறகுதான் என்னிடம் தருவார்கள். படித்ததற்கு அடையாளமாக அடியில் ஒரு வரி எழுதுவார்கள். அதனால் அவர்களுக்கும் இங்கேயே ஒரு வணக்கம். முழங்கால் வலி தேவலையா அம்மா?

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதீர்கள். மில்லில் சேர்ந்த அன்றே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேஜைப் போனில் ஐந்து நிமிடம் பேசலாம், அதுவும் அப்பா அம்மாவிடம் மட்டும். கான்சாபுரத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் இறங்கியது என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். தபால் வழியில் நான் படிக்கும் பி.ஏ. வரலாற்றில் ஒரே ஒரு தாள்தான் பாக்கி, அமெரிக்க வரலாறு. ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டியது. அவுட்பாஸ் கிடைக்காமல் போயிற்று. மறுபடியும் டிசம்பர் பதினைந்தாம் தேதி வருகிறது, திருவில்லிபுத்தூரில்தான் சென்டர். இந்தத் தடவை நான் எழுதியே தீருவேன். அவுட்பாஸில் அப்பா கையெழுத்து இருந்தால்தான் கேட்டைத் திறப்பார்கள். அதை நீங்கள்தான் வாங்கித் தரவேண்டும். பாடக் குறிப்பும் நீங்கள்தான் அனுப்பவேண்டும். நம் வீட்டில் டிகிரி முடித்தவர் நீங்கள் ஒருவர்தானே!

பாப்பாவுக்கு என் முத்தம்.
மாரிக்கனி

பார்த்தது: ப.


திருவில்லிபுத்தூர்,
23.7.2024

மாரிக்கனிக்கு,

மதினி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அண்ணன் பேசினார், அங்கே மணல் காற்றாம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வார்டன் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் ரமீஜாவின் ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருத்தி விட்டுப்போன நோட்டு ஒன்று கிடந்தது. அமெரிக்க வரலாறுதான். முதல் பதினெட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யாதே, நம் ஊரை வைத்துப் படி, அப்போதுதான் நிற்கும்.

நம் மேற்கே மலை இருக்கிறது. அய்யனார் கோவில் பக்கம் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. கிழக்கே போகப் போகக் கரிசல், அங்கே பருத்தி. அமெரிக்காவையும் அப்படிப் பிரித்துப் பார். வடகிழக்கில் நியூ இங்கிலாந்து. மண் முழுக்கக் கல், குளிர்காலமோ நீளம், உழுது பிழைக்க முடியாது. ஆனால் ஆறுகள் உயரத்திலிருந்து விழுந்தன. அந்த வேகத்தில் சக்கரம் சுற்றும் என்று கண்டுகொண்டார்கள். துறைமுகத்தில் வணிகம் செய்து சேர்த்த முதலும் கையில் இருந்தது, மில் கட்டினார்கள். நடுவில் இருந்த மாநிலங்களில் கோதுமை விளைந்தது, கால்வாய் வெட்டி அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தெற்கே நீண்ட கோடை, நல்ல மண், பருத்தி. கொட்டை பிரிக்கும் இயந்திரம் 1793-இல் வந்ததும் பருத்தி பெருகியது, அதோடு அடிமைகளைப் பிடித்து வேலை வாங்குவதும் பெருகியது. தெற்கே அடிமைகள் எடுத்த பஞ்சு வடக்கே போய் நூலானது.

மெரிமாக் ஆற்றங்கரையில் லோவெல் என்று ஓர் ஊர். அங்கே மில்லில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கல் மண் விவசாயிகளின் பெண்பிள்ளைகள். மில்லே ஹாஸ்டல் கட்டி அவர்களைத் தங்கவைத்தது. இந்தப் பகுதியில் கேள்வி கட்டாயம் வரும்.

மாமாவிடம் கையெழுத்துக் கேட்கிறேன். கவலைப்படாதே.

உன் மதினி
வெங்கடேஸ்வரி

பார்த்தது: ப.


இராஜபாளையம்,
11.8.2024

அன்புள்ள மதினிக்கு,

சுகமாக இருக்கிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டதா? வார்டன் அம்மாவுக்கு முழங்கால் தேவலை.

நோட்டு வந்தது. அந்த யாரோ ஒருத்தியின் கையெழுத்து அச்சு அசலாக உங்கள் கையெழுத்து மாதிரியே இருக்கிறதே! நீங்கள் போடுகிற மாதிரியே ‘ழ’வுக்கு வால் நீட்டியிருக்கிறாள். அவள் ஊர், பெயர் தெரியுமா உங்களுக்கு?

பயிற்சிக்காக ஒரு விடை எழுதியிருக்கிறேன். திருத்தி அனுப்புங்கள்.

வினா: லோவெல் மில் பெண்களின் வாழ்க்கையை விவரி.

விடை: லோவெல் பெண்கள் மணி அடித்தால் எழுந்தார்கள், மணி அடித்தால் சாப்பிட்டார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். காற்று வந்து ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துவிடும் என்று மில்லின் ஜன்னல்களைத் திறக்கவே விடவில்லை. மூக்கைச் சிந்தினால் பஞ்சு வந்தது. புதன்கிழமை சாம்பாரில் புழு மிதந்தது. கேட்டவளிடம், “வீட்டுல தெனம் பிரியாணியாட்டி தின்ன?” என்றார்கள். ஒரு பெண்ணுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். ஆள் குறைகிறது என்று அவளை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்தினார்கள். மெஷின் ஓரமாகவே வாந்தி எடுத்தாள். லோவெல் பெண்கள் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் பாடம் எழுதினார்கள்.

இதற்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

அன்புடன்
மாரிக்கனி

பார்த்தது: ப. நல்லாப் படிக்கிற பிள்ளை.


திருவில்லிபுத்தூர்,
24.8.2024

மாரிக்கனிக்கு,

இங்கே சுகம். பாப்பா இருமலை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். உன் உடம்பு எப்படி?

உன் விடையைப் பார்த்தேன். இப்படி எழுதினால் முட்டைதான் கிடைக்கும். 1830-களில் லோவெல்லில் சாம்பார் ஏது? அங்கே கிடையாது. ஷிப்ட் முறையும் அப்போது கிடையாது. விடிந்ததிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஒரே ஆட்கள்தான் வேலை பார்த்தார்கள். ஜன்னல் விஷயம் சரி. நூற்றிரண்டு காய்ச்சலை எங்கே படித்தாய்? நோட்டில் அப்படி ஒன்று இல்லையே. வரலாற்றில் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. கவனமாகப் படி.

25-ஆம் தேதி தொடர்கிறேன். நேற்று இம்மட்டும் எழுதி மேஜையில் வைத்திருந்தேன். ரமீஜா உன் விடையை எடுத்து வாசித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏட்டி, இம்புட்டுப் படிச்சும் ஒனக்கு மண்டையில ஏறலயே” என்றாள். மாரிக்கனி, இப்போது எனக்குப் பாடம் விளங்கிவிட்டது. லோவெல்லில் சாம்பார் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது.

அந்தக் காய்ச்சல்காரப் பெண் தேறிவிட்டாளா? லோவெல்லுக்கு இரண்டு அட்டை மாத்திரை அனுப்பினால் உள்ளே விடுவார்களா?

மாமாவுக்கு வயலில் வேலை அதிகம். கையெழுத்து விஷயம் பேசச் சமயம் வாய்க்கவில்லை.

வெங்கடேஸ்வரி

பார்த்தது: ப.


இராஜபாளையம்,
15.9.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம்தான். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் எங்கள் அறை எட்டுப் பேரும் கும்பிட்டுக்கொள்கிறோம். லோவெல்லின் காய்ச்சல்காரப் பெண் பிழைத்துக்கொண்டாள். மாத்திரை வேண்டாம், மேலே படிக்கப் பாடம்தான் வேண்டும். நான் ஒருத்தி மட்டும் படிக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் நோட்டைச் சத்தமாக வாசிக்கிறேன், பக்கத்து அறைப் பெண்களும் வந்து உட்காருகிறார்கள். பக்கத்துக் கட்டில் இசக்கியம்மாள் எட்டாவதோடு நின்றவள். பரீட்சை வைத்தால் என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

பரிபூரணம் அம்மாவும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். “அமெரிக்காவுலயும் சாம்பாராட்டி?” என்று கேட்டார்கள். “ஆமாம்மா, அங்க வேற பேரு” என்றேன். நாற்காலியை மடக்கினார்கள். “பொறவு அந்தப் புள்ளைக என்ன ஆனாளுக?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மதினி, எனக்கு ஒரு சந்தேகம். ஆறு விழுந்ததால் மில் வந்தது என்று நோட்டில் இருக்கிறது. சரி. எங்கள் மில்லுக்கு இப்போது அமெரிக்கப் பஞ்சே வருகிறது, பேல் பேலாக, பெரிய பொதிகளாக, மேலே அந்த ஊர் முத்திரையோடு இறங்குகிறது. ஆறு, மலை, கரிசல் எதுவுமே இல்லாமல்கூட மில் ஓடும் போலிருக்கிறது. நாங்கள் இல்லாமல் ஓடுமா? கிணறு வற்றியதால் நான் இங்கே வந்தேன். அதுவரைக்கும் மண்ணின் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். வந்தவளை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னது எந்த மண்?

லோவெல் பெண்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறார்கள். எல்லோருக்கும் பதினெட்டு தாண்டிவிட்டது. ஓட்டுப்போட அவரவர் விரலில்தான் மை வைக்கிறார்கள், அப்பா விரலில் இல்லை. வெளியே போய்வரவும் அவரவர் கையெழுத்தே போதும் என்கிறார்கள்.

இன்னொன்று. அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார், அதுதானே? அதை எழுதினால் பேனா மை தீர்ந்துவிடுமா?

மாரிக்கனி

பார்த்தது: ப.


திருவில்லிபுத்தூர்,
2.10.2024

மாரிக்கனிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ கண்டுபிடித்தது சரி. ஆகஸ்டிலேயே கான்சாபுரம் போய்க் கேட்டேன். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மில்லுக்கு அனுப்புனது வேல பாக்கத்தான். பொட்டப்புள்ள ஒத்தையில பஸ்ஸேறி பரிச்சைக்குப் போய்ட்டு வந்தா நாளைக்கு எவன் கட்டுவான்? கையெழுத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது.” காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏழு வருஷமாக எனக்கு அப்படித்தான் பழக்கம்.

மாரிக்கனி, எனக்குப் பயமாக இருக்கிறது. நோட்டின் அடுத்த பகுதியையும் படி. 1834-இல் கூலியைக் குறைத்தார்கள் என்று லோவெல் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஊர்வலம் போனார்கள், பேசினார்கள். சில நாளில் கூட்டம் கலைந்துவிட்டது. பாதிப் பேர் குறைந்த கூலிக்கே திரும்பினார்கள், மீதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். தோற்றுப்போனார்கள். நீ கையெழுத்து, அது இது என்று கிளம்பினால் முதலில் உன் பெட்டியைத்தான் வெளியே வைப்பார்கள். வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். இந்தத் தடவை விட்டாலும் அடுத்த ஜூனில் பரீட்சை வரும். பொறுத்துக்கொள்.

மீதி நோட்டு முழுவதையும் ரமீஜா ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். கடையில் கூட்டம், நான் சரிபார்க்கக்கூட இல்லை. படித்துக்கொள்.

உன் மதினி
வெங்கடேஸ்வரி

பார்த்தது: ப.


இராஜபாளையம்,
20.10.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இன்று எனக்குக் கை ஓடவில்லை.

ரமீஜா அக்கா நோட்டின் பின்னட்டையையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். தெரியாமல் எடுத்தது என்று நான் நம்பவில்லை. அட்டையில் ஒரு ஹால்டிக்கெட் ஒட்டியிருக்கிறது. பெயர் வெங்கடேஸ்வரி. பாடம் அமெரிக்க வரலாறு. தேதி 4.6.2017, காலை பத்து மணி.

அந்தத் தேதியை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம். என் சடங்கு அன்றுதான். பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, தாய்மாமன் வீட்டுச் சீர் நூற்றொரு தட்டு வந்தது என்று ஊரே இன்றைக்கும் பேசுகிறது. நீங்கள் கல்யாணமாகி வந்து நான்கு மாதம். அண்ணன் பெண்டாட்டிதான் பெண்ணுக்கு முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அப்பா சொன்னார். என் தலையில் ஊற்றும்போது உங்கள் கை நடுங்கியது. புது மருமகளுக்குக் கூச்சம் என்று பொம்பளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நேரம் பத்திலிருந்து பத்தரை, மதினி.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. நானோ ஜூலையில் கடிதத்தில் “டிகிரி முடித்தவர் நீங்கள் ஒருவர்தானே” என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்து எனக்குப் பதினெட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்தீர்களே, உங்களுக்கு என்மேல் கோபமே வரவில்லையா? எனக்கு உங்கள்மேல் கோபமாக வருகிறது. உங்களிடமும் “அடுத்த ஜூனில் வரும், பொறுத்துக்கொள்” என்றுதானே அன்றைக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்? எத்தனை ஜூன் வந்தது?

1834-இல் தோற்றார்கள் என்று பயங்காட்டினீர்கள். அடுத்த பக்கத்தையும் நான் படித்துவிட்டேன். 1836-இல் ஹாஸ்டல் செலவைப் பெண்கள் தலையில் கட்டியபோது முன்னைவிடக் கூட்டமாக வெளியே வந்தார்கள். தோற்றவர்கள்தான் மறுபடி வந்தார்கள். தோற்றால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் பயம் விட்டுப்போயிருக்கும். இதை நான் பரீட்சையில் எழுதுவேன்.

தீபாவளிக்கு லீவு இல்லை. ஆர்டர் இருக்கிறதாம், பொங்கலோடு சேர்த்துத் தருவார்களாம். அதனால் நேரில் கேட்க வழியில்லை, இதிலேயே கேட்டுவிட்டேன்.

நீங்கள் நலமா மதினி? இதுவரை உங்களை யாரும் உண்மையாகக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

மாரிக்கனி

பார்த்தது: ப.


திருவில்லிபுத்தூர்,
4.11.2024

என் மாரிக்கனிக்கு,

நான் நலம் இல்லை. இதை எழுதிவிட்டேன், இப்போது கொஞ்சம் நலம்.

நீ கேட்டதற்குப் பதில். கோபம் உன்மேல் வரவில்லை. உனக்குப் பதிமூன்று வயது, ஈரத்துணியோடு மணையில் உட்கார்ந்திருந்தாய். என்மேல்தான் வந்தது. “மாமா, சாயங்காலம் ஊத்துறேன், பரிச்சைய எழுதிட்டு வந்துருதேன்” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொறவு பாப்பா வந்தாள், உங்கள் அண்ணன் போஸ்டிங் மாறியது, ஒவ்வொரு ஜூனும் அப்படியே போயிற்று.

பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இந்த டிசம்பர்தான் கடைசி வாய்ப்பு என்று ரமீஜாவுக்கு ஆகஸ்டிலேயே தெரியும். சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன் என்று, பின்னட்டையை உனக்கு அனுப்பிவிட்டு உன் கடிதம் வரட்டும் எனக் காத்திருந்தாளாம். உன் கடிதத்தை வாசித்த அன்றே படிவத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நிரப்பினேன். ‘விண்ணப்பதாரர் கையொப்பம்’ என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வேறு எந்தக் கையெழுத்தும் அதில் கேட்கவில்லை மாரிக்கனி! ஏழு வருஷமாக நான்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். இலை போட்டுப் பரிமாறிவிட்டு எதிரே நின்றேன். “பதினஞ்சாம் தேதி நான் பரிச்சை எழுதப் போறேன் மாமா.” “யாரக் கேட்ட?” என்றார். “கேக்கல மாமா. சொல்லுதேன்” என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மீதியை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகவே அடுத்த ஜூன் என்று நான் எழுதியதை அடித்துவிடு. யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே. கையெழுத்தைப் போடு. வெளியே வா. ஹாலில் உனக்காகக் காத்திருப்பேன்.

வெங்கடேஸ்வரி

பார்த்தது: ப. கொடுக்கவில்லை.


இராஜபாளையம்,
24.11.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் நலம் தெரியவில்லை. நான் எழுதி முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. பதில் இல்லை. அதிகம் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் ஒரு வார்த்தையும் அதிகம் இல்லை. வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியதை நான் திரும்ப வாங்கமாட்டேன்.

லோவெல் பாடம் முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலைச் சங்கு ஊதும்போது பெண்கள் மில்லுக்குள் போகமாட்டார்கள். கேட்டுக்கு எதிரே உட்காருவார்கள். அறுபத்திரண்டு பேர் கையெழுத்து இருக்கிறது, மூன்று பேர் கைநாட்டு. நீங்கள் இங்கே இல்லை, ஆனால் கேள்வி கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் நோட்டுதான்.

பாப்பாவுக்கு அத்தை முத்தம்.
மாரிக்கனி

பார்த்தது: ப.


இராஜபாளையம்,
17.12.2024

என் அன்பான மதினிக்கு,

நான் சுகமோ சுகம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது இளைத்திருந்தீர்கள், பரீட்சை முடிந்ததால் இனிமேல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பஸ் நிலையத்தில் கிடைத்த கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம், ஒன்றும் பேசவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. நாங்கள் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தோம். மேனேஜர் வந்தார். இசக்கியம்மாளையும் என்னையும் இன்னொருத்தியையும் காட்டி, “இந்த மூணு பேரும் பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்புங்க. மத்தவங்க உள்ள போங்க” என்றார். எனக்கு 1834 கண் முன்னால் வந்தது. இசக்கியம்மாள் எழுந்து உள்ளே போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். “போறோம் சார். அறுவத்தஞ்சு பேரும் போறோம்” என்றாள். எல்லோரும் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்! ஒருத்தி பெட்டி கிடைக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பெட்டியோடு நின்றோம். மெஷின்கள் நின்றுவிட்டன. வந்த நாளிலிருந்து அந்த மில் சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. ஆர்டர் அந்த வாரம் போகவேண்டும். மத்தியானம் வரை பேசினார்கள், மிரட்டினார்கள், வீடுகளுக்குப் போன் போட்டார்கள். அப்பாவும் பேசினார். “மானத்த வாங்காத, உள்ள போட்டி” என்றார். “பதினஞ்சாம் தேதி பரிச்சைப்பா. எழுதிட்டு உள்ள போறேன்” என்றேன். அவர் வைத்துவிட்டார். இன்றுவரை பேசவில்லை. பேசுவார், பேசாவிட்டாலும் நான் பேசுவேன்.

நான்கு மணிக்கு போர்டில் காகிதம் ஒட்டினார்கள். பதினெட்டு முடிந்தவர்கள் விடுமுறை நாளில் அவரவர் கையெழுத்தில் வெளியே போய்வரலாம், ஆறு மணிக்குள் திரும்பவேண்டும். பேச்சோடு பேச்சாக நாங்கள் சேர்த்துக் கேட்டதில், கடிதமும் இனிப் பிரிக்கப்படாது. போன் மட்டும் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். தராவிட்டால் போகட்டும், 1840-களில் லோவெல் பெண்கள் பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கே அனுப்பினார்கள். எங்களுக்கும் பேனா இருக்கிறது.

அன்று சாயங்காலம் பரிபூரணம் அம்மா என்னைக் கூப்பிட்டு உங்கள் நவம்பர் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கொடுத்தால் நான் அன்றே கிளம்பி மாட்டிக்கொள்வேன் என்று பயந்து ஒளித்துவைத்தார்களாம். அதற்காக அவர்களிடம் சண்டை போட்டேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. செவ்வாய்க்கிழமை என்று நான் நாளைக்கூட எழுதியிருந்த கடிதத்தை அவர்கள் படித்துவிட்டுத் தபாலில் போட்டிருக்கிறார்கள், மேனேஜரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். “அது அமெரிக்கா பாடமுல்லா? எனக்கு வரலாறு தெரியாதுட்டி” என்றார்கள். அவர்களும் இதே மில்லில் பதினெட்டு வருஷம் இழை ஒட்டியவர்கள்.

பரீட்சை அன்று அவுட்பாஸ் நோட்டில் ‘அனுமதித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வாட்ச்மேன் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். ஹாலில் எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் உங்கள் கொண்டையைப் பார்த்தேன். மணி பத்து அடித்தது. உங்கள் கை நடுங்குகிறதா என்று எட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை, அப்போதே எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

எனக்கு வந்த பதினைந்து மதிப்பெண் வினா: தொடக்ககால அமெரிக்காவில் நில அமைப்பும் தொழில்மயமாதலும் வட்டாரப் பொருளாதாரங்களை எவ்வாறு உருவாக்கின? கல் மண், அருவி, கால்வாய், பருத்தி, அடிமைகள் எல்லாம் நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதினேன். கடைசியில் சொந்தச் சரக்கு நான்கு வரி சேர்த்தேன், திட்டாதீர்கள். மில்லை எங்கே கட்டலாம் என்று ஆறு சொன்னது, பருத்தியை எங்கே விதைக்கலாம் என்று மண் சொன்னது, கதவை யார் பூட்டவேண்டும் என்று இரண்டும் சொல்லவில்லை, அதை மனிதர்கள்தான் முடிவுசெய்தார்கள், ஆகவே மனிதர்கள் மாற்றலாம் என்று எழுதினேன்.

உறையை நன்றாகப் பாருங்கள் மதினி. பசை நான் தடவியது. பிரித்த தடயம் இருக்காது, அடியில் ‘பார்த்தது’ என்ற வரியும் இருக்காது. இனி அமெரிக்காவைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஆகஸ்டு மாத விடையைத் திருத்தி எழுதுகிறேன், மதிப்பெண்ணை மாற்றிப் போடுங்கள்.

லோவெல்லில் சாம்பார் கிடையாது. புழு மிதந்தது எங்கள் ஹாஸ்டலில், எங்கள் சாம்பாரில். நூற்றிரண்டு காய்ச்சலோடு மெஷின் ஓரம் வாந்தி எடுத்தவள் சுந்தரபாண்டியம் இசக்கியம்மாள். வீட்டுக்குப் பாடம் எழுதியவள் கான்சாபுரம் கருத்தப்பாண்டி மகள் மாரிக்கனி.

இப்படிக்கு, என் கையெழுத்தில்,
க. மாரிக்கனி